ஆய்வுக்கட்டுரை இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை

முதலில் ஒரு சின்னச் சோதனை. உங்கள் கட்டுரையின் பிடிஎஃப் கோப்பைத் திறந்து, முதல் பக்கத்துத் தலைப்பை மட்டும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ‘கோயில்’ என்ற சொல் கோயிலாகவே வந்து விழுந்தால் நல்லது. ‘ேகாயில்’ என்று இரட்டைக்கொம்பு பிய்ந்துபோய் முன்னால் நின்றாலோ, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை கொட்டினாலோ, பக்கம் முழுக்கப் படமாக இருப்பதால் எதுவுமே நகலாகவில்லை என்றாலோ, அந்தக் கட்டுரையை யாரும் தேடி எடுக்கப் போவதில்லை. நம் கண்ணுக்கு அச்சு அழகாகத்தான் தெரியும். தேடுபொறி பார்ப்பது நோட்பேடில் விழுந்ததை.

ஆய்வை இணையத்தில் கொண்டுசேர்ப்பது எப்படி என்று யாராவது கேட்டால், பேச்சு உடனே ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழு, யூடியூப் என்று போய்விடுகிறது. அதெல்லாம் கடைசி வேலை. கட்டுரையை எந்திரத்தால் வாசிக்க முடிகிறதா, எழுதியவர் இன்னார் என்று அதற்குப் புரிகிறதா, காசில்லாமல் படிக்க ஒரு பிரதி நிலையான முகவரியில் இருக்கிறதா, இந்த மூன்றும்தான் அடிப்படை. அறிவியல் கட்டுரைகளுக்குப் பன்னாட்டுப் பதிப்பகங்களே இதில் பாதியைச் செய்துவிடுகின்றன. தமிழிலக்கியம், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் என்று தமிழில் எழுதுகிறவர்களுக்கு அதைச் செய்து தர ஆளில்லை. ஆகவே அவர்களை மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது.

எழுத்துருவில் விழும் முதல் அடி

பல ஆய்வேடுகள் இன்றும் டிடிபி சென்டரில்தான் தட்டச்சாகின்றன. அங்கே பாமினியோ வானவில்லோ ஸ்ரீலிபியோ, பழகிய எழுத்துரு எதுவோ அதில் அடித்துத் தந்துவிடுவார்கள். இவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துருக்கள். பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது, கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். தேடுபொறி அந்த ஐந்தைத்தான் பதிந்துகொள்ளும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் உலகப் பொதுக் குறிமுறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்றாயிற்று. டிடிபி சென்டரின் பேஜ்மேக்கருக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

தட்டச்சுக்குக் கொடுக்கும் முதல் நாளே ‘யூனிகோடில் வேண்டும்’ என்று சொல்லிவிடுவது மலிவான வழி. விசைப்பலகை தமிழ்99ஆக இருந்தாலும் தட்டச்சுப்பொறி முறையாக இருந்தாலும் கவலையில்லை, வெளிவரும் எழுத்து யூனிகோடாக இருந்தால் போதும். ஏற்கெனவே அடித்து முடித்த கோப்பு என்றால் என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதா மாதிரியான மாற்றிகள் இலவசமாக இருக்கின்றன. ஆனால் முழு ஆய்வேட்டையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். நடுவில் வரும் ஆங்கில மேற்கோளும் நூற்பெயரும் சேர்ந்து தமிழ் எழுத்துக் குவியலாக மாறிவிடும். இயலுக்கு ஒன்றாக, ஆங்கிலப் பகுதிகளை விலக்கிவிட்டு மாற்றுங்கள். மாற்றிய பிறகு மெய்ப்புப் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது.

மெய்ப்பில் கண்ணை ஏமாற்றும் பிழைகள் சில உண்டு. ‘கௌரவம்’, ‘மௌனம்’ ஆகிய சொற்களில் வருவது ஔகாரக் குறி. பலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து ‘கெளரவம்’, ‘மெளனம்’ என்று அடிக்கிறார்கள். திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கு அது க்+எ, ள என்ற வேறு எழுத்துகள். சரியாக அடித்துத் தேடுகிறவருக்குத் தவறாக அடித்த கட்டுரை கிடைக்காது. இதேபோல எகரத்தின் இடத்தில் ஏழைக் குறிக்கும் தமிழ் எண் ‘௭’ உட்கார்ந்திருக்கும். பழைய பக்கங்களை ஒளிவருடி (ஸ்கேன் செய்து), எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருள்) வழியாக எடுத்திருந்தால் துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் இருக்கும். வேர்டின் தேடி மாற்றும் வசதியைக் கொண்டு ‘கெள’, ‘மெள’, ‘௭’ ஆகியவற்றை ஒருமுறை தேடிவிட்டால் பெரும்பாலானவை பிடிபடும். ஆனால் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள்: ‘கெளிறு’ மீன் ‘கௌிறு’ ஆகிவிடும்.

இனி பிடிஎஃப். யூனிகோடில் அடித்தாலும் பிடிஎஃப் ஆக்கும்போது கெட்டுப்போகலாம். தமிழில் ‘கோ’ என்பது சேமிப்பில் ககரம் முதலில், குறி பிறகு. அச்சில் கொம்பு முதலில் வருகிறது. அச்சு வரிசையை மட்டும் பதியும் மென்பொருள் ‘ேகாயில்’ என்று எழுதி வைத்துவிடுகிறது. வேர்டில் அச்சுக்கட்டளை வழியாக பிடிஎஃப் எடுக்காமல், ‘சேவ் ஆஸ்’ வழியாக எடுங்கள். அங்கே விருப்பத்தேர்வுகளில் அணுகல்வசதிக்கான ஆவணக் கட்டமைப்புக் குறிகள் என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் டிக் இருக்கட்டும். அப்படியும் உடைந்தால் அதே கோப்பை லிப்ரெஆஃபீஸில் திறந்து ஏற்றுமதி செய்து பாருங்கள். இன்டிசைன் பயன்படுத்தும் இதழ்கள் ‘வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போஸர்’ என்ற பத்தியமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், இல்லையேல் தமிழே சரியாக அமையாது. எந்த வழியில் எடுத்தாலும் நோட்பேடுச் சோதனைதான் தீர்ப்பு.

அச்சில் மட்டும் இருக்கும் பழைய கட்டுரைகளுக்கு வேறு வழி. 300 டிபிஐயில் ஒளிவருடி, டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரியில் தமிழைத் தேர்ந்தெடுத்து, படத்துக்குப் பின்னால் எழுத்துப்படலம் சேர்த்துவிடலாம். கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸாகத் திறந்தாலும் தமிழ் எழுத்து வரும். பிழைகள் இருக்கத்தான் செய்யும். தலைப்பு, ஆசிரியர் பெயர், சுருக்கம், துணைநூற்பட்டியல் ஆகிய நான்கையாவது கையால் திருத்துங்கள், நடுப்பகுதியில் பத்துப் பிழை இருந்தாலும் தேடலுக்குப் பெரிய நட்டமில்லை.

முதல் பக்கத்தில் எந்திரம் என்ன பார்க்கிறது

ஆய்வுக்கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் 2004 நவம்பரில் வந்தது. அதன் வழிகாட்டுதலை ஒருமுறை படித்தவர்கள் இதழின் முதல் பக்கத்தை வேறு மாதிரி அமைப்பார்கள். தனியாக ஏற்றிய பிடிஎஃப்பில் தலைப்பு எது என்பதை அது எழுத்தின் அளவை வைத்து ஊகிக்கிறது. முதல் பக்கத்தின் மேலே, இருப்பதிலேயே பெரிய எழுத்தில் (24 புள்ளியும் அதற்கு மேலும்) தலைப்பு, அதற்குக் கீழே தனி வரியில் அதைவிடச் சற்றுச் சிறிய எழுத்தில் (16 முதல் 23 வரை) ஆசிரியர் பெயர். நம் இதழ்களில் என்ன நடக்கிறது? ஒவ்வொரு கட்டுரையின் உச்சியிலும் இதழின் பெயர் 30 புள்ளியில், பக்கத்தில் முத்திரை, ஐஎஸ்எஸ்என் எண், கீழே ஒரு குறள். கட்டுரைத் தலைப்பு அதற்கும் கீழே 14 புள்ளியில். ஸ்காலர் இதழின் பெயரையே கட்டுரைத் தலைப்பாக எடுத்துக்கொண்டுவிடும். ஒரே இதழின் இருபது கட்டுரைகள் ஒரே தலைப்பில் வரிசையாக நிற்பதை இப்படித்தான் பார்க்க நேர்கிறது.

ஆசிரியர் வரியில் இன்னொரு வம்பு. ‘முனைவர் மு. கண்ணன், எம்.ஏ., எம்.ஃபில்., பிஎச்.டி., நெட்’ என்று அச்சிட்டால், காற்புள்ளிக்குக் காற்புள்ளி ஓர் ஆசிரியர் என்று எந்திரம் பிரிக்கும். எம்ஃபில் என்பவர் இணையாசிரியராகப் பல கட்டுரைகள் எழுதிக் குவித்திருப்பார். பட்டங்களையும் பதவியையும் கல்லூரி முகவரியையும் அடிக்குறிப்புக்கு இறக்குங்கள். ஆசிரியர் வரியில் பெயர் மட்டும் இருக்கட்டும்.

கோப்பின் பண்புகளையும் பாருங்கள். வேர்டில் ‘இன்ஃபோ’ பகுதியில் தலைப்பு, ஆசிரியர் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. அவற்றை யாரும் நிரப்புவதில்லை. விளைவாக, பிடிஎஃப்பின் ஆசிரியர் ‘அட்மின்’ என்றோ தட்டச்சுக் கடையின் பெயராகவோ இருக்கும். இரண்டு நிமிட வேலை.

ஒரு கோப்பில் ஒரு கட்டுரைதான் இருக்க வேண்டும், கோப்பு 5 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்பவை ஸ்காலரின் இரண்டு கறாரான விதிகள். மாநாட்டுத் தொகுப்பை 600 பக்கத்துக்கு ஒரே பிடிஎஃப்பாக ஏற்றினால் உள்ளே இருக்கும் எந்தக் கட்டுரையும் தனியாகத் தெரியாது. கல்வெட்டுப் படி, ஓலைச்சுவடிப் படம் சேர்ந்த கட்டுரைகள் எளிதில் 20 எம்பியைத் தாண்டிவிடும். கட்டுரைக்குள் 150 டிபிஐ படம் போதும். அசல் தெளிவுள்ள படங்களைத் தனித் தரவாக வேறிடத்தில் ஏற்றி இணைப்புக் கொடுக்கலாம்.

துணைநூற்பட்டியலில் தமிழ் மரபுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. சான்றெண் விளக்கத்தில் முதல் முறை நூற்பெயரை எழுதிவிட்டு, அடுத்தடுத்து ‘மேலது, ப. 23’, ‘மேலது, ப. 41’ என்று போய்விடுகிறோம். மனிதருக்குப் புரியும். மேற்கோளை எண்ணும் எந்திரத்துக்கு ‘மேலது’ என்பது யாருடைய நூல்? சான்றெண் விளக்கம் இருக்கட்டும். கட்டுரை முடிவில் துணைநூற்பட்டியலைத் தனியாகவும் முழுமையாகவும் கொடுங்கள். அந்தத் தலைப்பின் பக்கத்திலேயே ஆங்கிலத்தில் ‘ரெஃபரன்சஸ்’ என்றும் சேர்த்துவிடுங்கள், ஸ்காலர் தேடுவது அந்தச் சொல்லை. டிஓஐ (கட்டுரைக்குக் கொடுக்கப்படும் நிலையான அடையாள எண்) இருக்கும் கட்டுரைகளுக்கு அதை முழு முகவரியாக எழுதுங்கள். நீங்கள் ஒழுங்காக மேற்கோள் காட்டினால் பயன் உங்களுக்கு இல்லை, நீங்கள் எடுத்தாண்டவருக்கு. அவர் ஒழுங்காகக் காட்டினால் உங்களுக்கு. தமிழாய்வில் மேற்கோள் எண்ணிக்கை பாதாளத்தில் கிடப்பதற்கு இந்தப் பட்டியல் அலட்சியமும் ஒரு காரணம் என்பது எங்கள் கணிப்பு.

தலைப்பும் திறவுச்சொல்லும்

‘உப்பும் கண்ணீரும் – ஒரு பார்வை’. இந்தத் தலைப்பை யார் தேடுவார்கள்? உப்பளத் தொழிலாளர் பாடல்களைப் பற்றிப் படிக்க விரும்புகிறவர் ‘உப்பளம்’, ‘தூத்துக்குடி’, ‘தொழிற்பாடல்’ என்றுதான் தட்டுவார். உருவகம் வேண்டுமென்றால் முக்காற்புள்ளிக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். முன்பாதியில் இடம், பொருள், காலம். ‘ஓர் ஆய்வு’, ‘ஒரு பார்வை’, ‘ஒரு நோக்கு’ என்ற வால்களை வெட்டுங்கள். ஆய்விதழில் வருவது ஆய்வுதான் என்று வாசகருக்குத் தெரியும்.

தமிழ்க் கட்டுரைக்கு ஆங்கிலத் தலைப்பும் 150 முதல் 200 சொற்களில் ஆங்கிலச் சுருக்கமும் கட்டாயம். வெளிநாட்டுக்காரர்களுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம், தமிழ் ஆய்வாளர்களிலும் பலர் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். அங்கே எழுத்துக்கூட்டல் பிரச்சினை வருகிறது. கீழடியை ‘ழ’வுக்கு இசட்-எச் போட்டு எழுதுகிறவர்களும் உண்டு, வெறும் எல் போட்டு எழுதுகிறவர்களும் உண்டு. தொல்லியல் துறையின் 2019 அறிக்கை எல் வடிவத்தைக் கொண்டது. தூத்துக்குடிக்கு டூட்டிகோரின் என்று பழைய பெயர், தஞ்சாவூருக்கு டாஞ்சூர். ஆதிச்சநல்லூரை எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று எண்ணவே முடியாது. சுருக்கத்தில் ஒரு வடிவம், திறவுச்சொல் வரிசையில் மற்ற வடிவங்கள் என்று பிரித்துப் போடுங்கள். திறவுச்சொற்கள் ஆறு போதும், தமிழில் ஆறு, ஆங்கிலத்தில் ஆறு. ‘தமிழ்’, ‘இலக்கியம்’, ‘சமூகம்’ என்ற மூன்றையும் திறவுச்சொல்லாகப் போடுவதில் பயனில்லை, கோடிப் பக்கங்களில் இருக்கும் சொற்கள் அவை.

அப்பாவுக்குப் போகும் மேற்கோள்

தமிழ்ப் பெயருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. வெளிநாட்டு இதழின் படிவம் குடும்பப்பெயர் கேட்கும். மு. கண்ணன் அங்கே அப்பா பெயரை விரித்து ‘கண்ணன் முத்துசாமி’ என்று நிரப்புவார். அதன் பிறகு உலகம் முழுக்க அவர் ‘முத்துசாமி, க.’ ஆகிவிடுகிறார். இந்திய இதழில் ‘கண்ணன், மு.’, ஆய்வேட்டில் ‘மு. கண்ணன்’, மாநாட்டில் முதலெழுத்தே இல்லாத கண்ணன். எந்திரத்தின் கணக்கில் நான்கு பேர். இதில் மேற்கோள்களில் பாதி அப்பாவுக்குப் போகிறது. திருமணத்துக்குப் பிறகு முதலெழுத்தை மாற்றிக்கொள்ளும் பெண் ஆய்வாளர்களுக்கு இது இன்னும் மோசம்.

முதல் கட்டுரைக்கு முன்பே ஆங்கிலத்தில் ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஒரு புள்ளியும் மாறாமல் வாழ்நாள் முழுக்க அதையே பயன்படுத்துங்கள். ஏற்கெனவே சிதறிவிட்டது என்றால் ஆர்க்கிட் எண் கைகொடுக்கும். 2012இல் தொடங்கிய இலவச ஏற்பாடு இது. ஓர் ஆளுக்கு 16 இலக்க எண், 0000-0002-1825-0097 என்கிற மாதிரி. (இந்த எண் ஆர்க்கிட் அமைப்பே எடுத்துக்காட்டுக்கு வைத்திருக்கும் கற்பனைப் பேராசிரியருடையது.) கடைசி இலக்கம் சரிபார்ப்புக் குறி என்பதால் சிலருக்கு அது எக்ஸ் எழுத்தாக இருக்கும், பிழையென்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

பதிவு செய்ய ஐந்து நிமிடம். கவனிக்க வேண்டியவை வேறு. மின்னஞ்சலாகக் கல்லூரி முகவரியோடு சொந்த முகவரி ஒன்றையும் சேருங்கள். வேலை மாறினால் பழைய கல்லூரி அஞ்சலை மூடிவிடும், கடவுச்சொல் மறந்தால் உங்கள் எண்ணுக்குள் நீங்களே நுழைய முடியாது. பிறகு இன்னொரு புது எண் வாங்கி, இருவராகத் திரிய வேண்டியிருக்கும். ‘வேறு பெயர்கள்’ பகுதியில் தமிழ் வடிவத்தையும் பழைய எழுத்துக்கூட்டல்களையும் சேருங்கள். பார்வை அமைப்பை ‘எல்லோருக்கும்’ என்று வையுங்கள், பூட்டிய ஆர்க்கிட் பக்கத்தால் யாருக்கும் பயனில்லை. டிஓஐ பதியும் அமைப்புகளான கிராஸ்ரெஃப், டேட்டாசைட் இரண்டுக்கும் அனுமதி கொடுத்துவிட்டால், உங்கள் எண்ணைக் கொடுத்து வெளியாகும் புதுக் கட்டுரைகள் தாமாக வந்து சேரும். டிஓஐ இல்லாத பழைய தமிழ்க் கட்டுரைகளைக் கையால்தான் ஏற்ற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும்.

கூகுள் ஸ்காலரில் சொந்தப் பக்கம் தொடங்கும்போது நிறுவன மின்னஞ்சலை உறுதிசெய்யச் சொல்லும். அதைச் செய்யாத பக்கம் ஸ்காலர் தேடலில் வராது. கௌரவ விரிவுரையாளர்களுக்கும் சிறு கல்லூரி ஆசிரியர்களுக்கும் இங்கேதான் முட்டுகிறது. முதல்வரிடம் கேட்டு வாங்க வேண்டிய பொருள்களில் இந்த மின்னஞ்சல் முகவரியும் ஒன்று. பக்கம் திறந்ததும், கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் அமைப்பை நிறுத்தி, ‘அஞ்சலில் கேட்டுச் சேர்’ என்பதற்கு மாற்றுங்கள். தானாக விட்டால் வேறொரு கண்ணனின் நானோவேதியியல் கட்டுரைகள் தமிழ்த்துறைக் கண்ணனின் பக்கத்தில் வந்து உட்காரும். மேற்கோள் எண்ணிக்கை ஏறும், பார்க்க மகிழ்ச்சியாகவும் இருக்கும். நேர்காணல் குழு கேட்கும்போது பதில் சொல்வது கடினம். ஒரே கட்டுரை இரண்டு எழுத்துக்கூட்டலில் வந்திருந்தால் இரண்டையும் டிக் செய்து ‘மெர்ஜ்’ கொடுங்கள்.

பிரதியை எங்கே வைப்பது

2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் இதழ்கள் இந்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. சுயநிதிக் கல்லூரியில் இருப்பவர், வேலை கிடைக்காத ஆய்வாளர், யாழ்ப்பாணத்திலோ மலேசியாவிலோ இருக்கும் வாசகர், இவர்களெல்லாம் அதற்கு வெளியே. அவர்களுக்காக ஒரு திறந்த பிரதி வேண்டும்.

ஒரு கட்டுரைக்கு மூன்று பிரதிகள் உண்டு: நீங்கள் முதலில் அனுப்பியது, மதிப்பீட்டாளர் சொன்னபடி திருத்தி ஏற்கப்பட்டது, இதழ் வடிவமைத்து வெளியிட்டது. மூன்றாவதைப் பொதுவில் ஏற்றப் பெரும்பாலான சந்தா இதழ்கள் அனுமதிப்பதில்லை. இரண்டாவதைப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன, உடனே அல்லது சில மாதங்கள் கழித்து. எந்த இதழுக்கு என்ன விதி என்பதை ஷெர்ப்பா ரோமியோ என்ற தளத்தில் இதழின் பெயரைக் கொடுத்துப் பார்க்கலாம். இப்போது அதன் பெயர் ‘ஓப்பன் பாலிசி ஃபைண்டர்’. இதில் நடைமுறைத் தடை ஒன்றுதான்: ஏற்கப்பட்ட அந்த வேர்டு கோப்பு யாரிடமும் இருக்காது. ‘ஏற்கப்பட்டது’ என்று அஞ்சல் வந்த அன்றைக்கே அந்தக் கோப்பைத் தனிக் கோப்புறையில் போட்டு வையுங்கள்.

ஏற்றுவதற்கு ஜெனோடோ என்ற இணையக் களஞ்சியம் நல்ல இடம். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்துவது, இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம். ஆர்க்கிட் எண்ணைக் கொண்டே உள்ளே நுழையலாம். கட்டுரைக்கு ஏற்கெனவே டிஓஐ உண்டா என்று முதலிலேயே கேட்கும். இருந்தால் அதையே கொடுங்கள். புதிதாக இன்னொன்று வாங்கினால் மேற்கோள் இரண்டாகப் பிரியும். இல்லாவிட்டால் வெளியிடும் முன்பே ஒரு டிஓஐயை ஒதுக்கித் தரும் பொத்தான் இருக்கிறது. அந்த எண்ணைக் கட்டுரையின் முதல் பக்கத்தில் அச்சிட்டு, அந்தப் பிடிஎஃப்பை ஏற்றுங்கள். வெளியிட்ட பிறகு விவரங்களைத் திருத்தலாம், கோப்பை மாற்ற வேண்டுமானால் புதுப் பதிப்பு போட வேண்டும். ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண், எல்லாப் பதிப்புக்கும் பொதுவாக ஓர் எண் என்று கிடைக்கும். பிறருக்குக் கொடுக்க வேண்டியது பொது எண். விளக்கப் பெட்டியில் சுருக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் யூனிகோடில் ஒட்டிவிடுங்கள். பிடிஎஃப்புக்குள் தமிழ் உடைந்திருந்தாலும் இந்தப் பக்கத்தின் எழுத்தைத் தேடுபொறி படித்துவிடும்.

கூகுள் டிரைவ் இணைப்பு இதற்கு மாற்றாகாது. ஸ்காலர் அதற்குள் போய்ப் பார்ப்பதில்லை, கணக்கு மூடினால் கட்டுரையும் போயிற்று. அகாடெமியா டாட் எடு என்ற தளம் பெயரைப் பார்த்துப் பலர் நினைப்பதுபோல் பல்கலைக்கழகம் அல்ல, தனியார் நிறுவனம். ரிசர்ச்கேட்டும் அப்படியே. வாசகர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதால் ஒரு பக்கம் வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஒரே பிரதியை அங்கே மட்டும் வைப்பதுதான் தவறு. கல்லூரி இணையதளத்தை நம்புவதும் அப்படித்தான். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் ஆண்டில் தளம் புதுப்பிக்கப்படும், பழைய இதழ்களின் முகவரி எல்லாம் 404 (பக்கம் இல்லை) ஆகும். எந்தப் பக்கத்தில் உங்கள் கட்டுரை இருந்தாலும் இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ‘சேவ் பேஜ் நௌ’ கொடுத்து ஒரு பிரதியைப் பதிந்து வையுங்கள்.

ஆய்வேட்டுக்கு ஷோத்கங்கா என்ற இந்திய ஆய்வேட்டுக் களஞ்சியம் இருக்கிறது. 2009 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைக்குப் பிறகு மின்பிரதி கொடுப்பது கட்டாயமாயிற்று. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் நடத்துகிறது. ஏற்றுவது பல்கலைக்கழக நூலகம், ஆனால் நூலகத்துக்குப் போகும் கோப்பு உங்களுடையது. கையெழுத்திட்ட சான்றிதழ்ப் பக்கத்துக்காக முழு ஆய்வேட்டையும் அச்சிட்டு ஒளிவருடிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்தாண்டு உழைப்பு அன்றைக்கு வெறும் படமாகிவிடுகிறது. சான்றிதழ்ப் பக்கம் மட்டும் படமாக இருக்கட்டும், இயல்கள் நேரடியாக வேர்டிலிருந்து வந்த பிடிஎஃப்பாக இருக்கட்டும், இயலுக்கு ஒரு கோப்பு. மேற்கோள் காட்டும்போது உலாவியின் நீண்ட முகவரியைக் கொடுக்காமல் 10603 என்று தொடங்கும் நிலையான ஹேண்டில் முகவரியைக் கொடுங்கள்.

இதழ் நடத்துகிறவர்களுக்கு

துறை இதழ்களுக்கு, இதழை இணையத்தில் நடத்த உதவும் ஓஜேஎஸ் என்ற இலவச மென்பொருள் பாதிக் கவலையைத் தீர்க்கும். தலைப்பு, ஆசிரியர், தேதி, பிடிஎஃப் முகவரி ஆகியவற்றை ஸ்காலருக்குப் புரியும் குறிகளாக அதுவே எழுதிவிடும். கட்டுரையாளரிடம் ஆர்க்கிட் எண்ணைக் கட்டாயமாகக் கேளுங்கள். டிஓஐ என்ற பெயரில் சும்மா ஓர் எண்ணை அச்சிடும் இதழ்களும் உண்டு. அந்த எண்ணை டிஓஐ டாட் ஆர்க் தளத்தில் போட்டுப் பார்த்தால் ஐந்து நொடியில் சாயம் வெளுத்துவிடும். ஐஎஸ்எஸ்என் என்பது தரச்சான்று அல்ல, இதழை அடையாளம் காட்டும் எண், வண்டி எண் மாதிரி. ‘இம்பேக்ட் ஃபேக்டர் 7.8’ என்று அட்டையில் போட்டிருந்தால், இதழின் மேற்கோள் அளவைக் காட்டும் அந்த எண்ணைக் கணித்து வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம் மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். ஏற்கத்தக்க இதழ்களைச் சொன்ன யுஜிசி கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது, இனி இந்தச் சரிபார்ப்பெல்லாம் எழுதுகிறவர் தலையில்தான்.

வெளியான பிறகு

இப்போது பகிரலாம். வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப்பை நேரடியாகத் தள்ளாதீர்கள். கோப்பு நூறு கைபேசிகளுக்குப் போகும், எவர் படித்தார் என்ற தடமே இருக்காது, மேற்கோள் காட்ட நினைப்பவருக்கு முகவரியும் இருக்காது. டிஓஐ இணைப்பு, அதற்கு மேல் மூன்று வரி: என்ன கேள்வி, எந்தச் சான்று, என்ன புதிதாகத் தெரிந்தது. இதைவிடப் பலன் தருவது, துணைநூற்பட்டியலில் உயிரோடு இருக்கும் பத்துப் பேருக்குத் தனித்தனியாக அஞ்சல் அனுப்புவது. தம்மை எடுத்தாண்ட கட்டுரையைப் படிக்காதவர் குறைவு.

விக்கிப்பீடியாவில் சொந்தக் கட்டுரையைத் தாமே மேற்கோளாகச் செருகுவது நலமுரணாகக் கருதப்படலாம், நீக்கிவிடவும் கூடும். அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் ‘இந்தச் சான்று பயன்படலாம்’ என்று எழுதி வைப்பதுதான் முறை. பொருளைப் பற்றிய பகுதியே தமிழில் வறண்டு கிடந்தால், பலருடைய ஆய்வுகளையும் கொண்டு அதை வளர்த்து எழுதுங்கள்.

பொறுமையும் வேண்டும். ஸ்காலர் ஏற்கெனவே பார்த்துவரும் தளங்களில் புதுக் கட்டுரை சில நாள்களில் ஏறிவிடும், புதுத் தளமென்றால் சில வாரம். ஏறிவிட்ட பதிவில் திருத்தம் தெரிய ஆறு முதல் ஒன்பது மாதம், சிலசமயம் ஓராண்டும் தாண்டும். ஆகவே தலைப்பு, பெயர், எழுத்துரு மூன்றையும் ஏற்றும் முன் சரிபார்ப்பதே கெட்டிக்காரத்தனம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, உள்நுழையாத உலாவிச் சாளரத்தில் தேடிப் பாருங்கள். தலைப்பை முழுதாகத் தட்டாதீர்கள், அது உங்களுக்கு மட்டும் தெரிந்த சொற்றொடர். உங்கள் பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாத முதுகலை மாணவர் என்ன தட்டுவாரோ அதைத் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டலில் ஒவ்வொரு முறை தட்டுங்கள். முதல் பக்கத்தில் உங்களுடையது இல்லாமல் வேறொருவருடையது நின்றால், அவர் தலைப்பிலும் சுருக்கத்திலும் இருக்கும் எந்தச் சொல் உங்களிடம் இல்லை என்று பாருங்கள். ஜெனோடோவின் விளக்கப் பெட்டியை இப்போதும் திருத்தலாம்.